ஒட்டப்படாத தபால்தலையும் கர்னல் லோகநாதனும்

தபால்தலை சேகரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாட்டை இன்னொரு நாடு பிடித்துக்கொண்டால், அந்தச் செய்தி வரலாற்றுப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே தபால்தலையில் ஏறிவிடும். பழைய தலையின் மேல் புதிய முத்திரை விழும். சில காலம் கழித்துப் பழைய தலையே மறைந்து போகும்.

எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற மூன்று சிறிய நாடுகள் 1918 முதல் சொந்தத் தபால்தலை வெளியிட்டு வந்தன. 1940-ல் சோவியத் யூனியன் அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தலைகள் நின்றுபோயின. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1990, 1991-ல்தான் அந்த நாடுகளின் பெயர் மறுபடியும் தபால்தலையில் வந்தது. மலாயாவில் இருந்து திரும்பிய நம்மவர் வீடுகளில் பழைய கடித உறைகள் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்துத் தலையின் மேல் 2602 என்ற எண் அடித்திருக்கும். அது ஜப்பானியர் கணக்கில் 1942-ம் ஆண்டு.

நம் நாட்டிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. அது அந்தமான் நிக்கோபார் தீவுகள். அந்தத் தீவுகளுக்கு ஜப்பானியர் ஆண்ட நாளில் ஒரு தமிழர் சீப் கமிஷனராக அனுப்பப்பட்டார். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்பது அவர் பெயர். நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் அரசில் அமைச்சராகவும், இந்திய தேசிய ராணுவத்தில் மேஜர் ஜெனரலாகவும் இருந்தவர்.

ராஜா தலைமேல் புள்ளி

1942-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. ஒரு மாதம் முன்னால், பிப்ரவரி 15-ந் தேதி, சிங்கப்பூர் விழுந்திருந்தது. ரங்கூனும் விழுந்துவிட்டது. அந்தமானில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. பிரிட்டிஷ் படை அதற்கு முன்பே வெளியேறிவிட்டது.

தபால் நிலையத்தில் இருந்தவை இந்தியத் தபால்தலைகள். அவற்றில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்தது. ஜப்பானியர் அவற்றைக் கொளுத்திவிடவில்லை. முகத்தின் மேலேயே, முன்னால் ஒரு புள்ளி வைத்து, புதிய விலையைப் பெரிய எண்ணாக அடித்தார்கள். அணா போயிற்று, ஜப்பானியர் கணக்கு வந்தது. அந்தத் தலைகள் மிகக் குறைவு. உலகப் பட்டியல்களில் அவற்றுக்கு உயர்ந்த விலை போட்டிருக்கிறார்கள். அரிய தலை என்றால் போலியும் கூடவே வரும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள், நிபுணர் சான்று இல்லாமல் இவற்றைத் தொடுவதில்லை.

ராஜாவின் முகம் கீழே இருக்கிறது. அதன் மேல் வேறொருவரின் எண் உட்கார்ந்திருக்கிறது. அன்றைய அந்தமானின் நிலைமையும் அதுதான்.

மருத்துவர் லோகநாதன்

லோகநாதன் 1888-ல் பிறந்தவர். மருத்துவம் படித்து, ஐ.எம்.எஸ். என்று சொல்லப்பட்ட இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். இந்தியர்கள் அதில் இடம் பெறுவதே கடினமாக இருந்த காலம் அது. லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தார்.

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவம் சரணடைந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஓய்வூதியத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய வயது. இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். அவர்களைக் கொண்டு இந்திய தேசிய ராணுவம் உருவானது. முதல் முயற்சி 1942 டிசம்பரில் கலைந்தது. அடுத்த ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்து சேர்ந்தபின் அது மறுபடியும் எழுந்தது. அதன் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் லோகநாதன்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். ராணுவம் என்றால் என்ன என்று அறியாத பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் காயம் பட்டாலும் பார்க்க வேண்டிய பொறுப்பு இந்தத் தமிழ் டாக்டரின் துறைக்கு இருந்தது.

1943 அக்டோபர் 21-ந் தேதி சிங்கப்பூரில் ஆஸாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அந்த அமைச்சரவையில் ராணுவத்தின் பிரதிநிதிகளில் ஒருவராக லோகநாதனும் இடம் பெற்றார்.

பெர்லினில் அச்சான தலைகள்

அரசு என்றால் சேனை வேண்டும், பணம் வேண்டும், மண் வேண்டும். தபால்தலையும் வேண்டும். இதை நேதாஜியைச் சேர்ந்தவர்கள் முன்பே எண்ணிப் பார்த்திருந்தார்கள். அவர் 1941 முதல் 1943 பிப்ரவரி வரை ஜெர்மனியில் இருந்தார். 1943-ல் பெர்லின் அரசு அச்சகத்தில் ஆஸாத் ஹிந்த் தபால்தலைகள் அச்சாகின. வரைந்தவர்கள் ஆக்ஸ்டர் ஹாய்ட்லாஸ் என்ற ஜெர்மானியத் தம்பதி.

ஏர் உழும் குடியானவன், ராட்டை நூற்கும் பெண், அடிபட்ட வீரனைப் பேணும் நர்ஸ், இயந்திரத் துப்பாக்கி பிடித்த சிப்பாய், கொடி ஏந்திய வீரர்கள், இந்தியப் படத்தின் மேல் அறுந்து கிடக்கும் சங்கிலி: இவையெல்லாம் அந்தத் தலைகளில் உண்டு. விலை அணாவிலும் ரூபாயிலும் இருக்கிறது. சிலவற்றில் விலையோடு கூட்டல் குறி போட்டு இன்னொரு தொகையும் இருக்கும். அந்த மிகுதித் தொகை விடுதலைப் போருக்கு நன்கொடை.

இவ்வளவு அழகாக அச்சிட்டும் ஒரு தலைகூடக் கடிதத்தில் ஒட்டப்பட்டுப் பயணம் செய்யவில்லை. தலைகள் பெர்லினில்; மண் கிடைத்ததோ வங்கக் கடலில். நடுவில் பாதி உலகத்தில் போர். இவற்றில் சிலவற்றை அந்தமான் நிக்கோபாருக்கென்றே எண்ணியிருந்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதுண்டு. ஆனால் எந்தத் தபால் நிலையமும் விற்காததால், பல பட்டியல்காரர்கள் இவற்றை நாட்டுத் தபால்தலைகளின் வரிசையில் சேர்ப்பதில்லை. விடுதலைப் போராட்டத்தின் நினைவுப் பொருள் என்ற முறையில் இந்தியாவில் இவற்றுக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

பிறகு 1944-ல் இம்பால் முற்றுகையின்போது, அந்த ஊர் கைக்கு வந்ததும் விற்பதற்காக, செங்கோட்டைப் படம் போட்ட எளிய தலைகளையும் தயார் செய்தார்கள். இம்பால் கைக்கு வரவில்லை. அந்தத் தலைகளும் ஒட்டப்படவில்லை.

கொடி ஏறிய நாள்

1943 நவம்பர் 6-ந் தேதி டோக்கியோவில் நடந்த கிழக்காசிய மாநாட்டில், அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஆஸாத் ஹிந்த் அரசிடம் ஒப்படைக்கத் தயார் என்று ஜப்பானியப் பிரதமர் டோஜோ அறிவித்தார். டிசம்பர் கடைசியில் நேதாஜி விமானத்தில் போர்ட் பிளேர் வந்தார். 30-ந் தேதி ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார்.

செல்லுலர் சிறையையும் அவர் பார்த்தார். முன்னாளில் வீரர்கள் வாடிய கொட்டடிகளை ஜப்பானிய அதிகாரிகள் காட்டினார்கள். அதே சிறையில் அன்றைக்கு அடைபட்டுக் கிடந்தவர்களை அவர்கள் காட்டவில்லை.

அப்படிக் கிடந்தவர்களில் ஒருவர் டாக்டர் திவான் சிங். பஞ்சாபிக் கவிஞர். தீவு இந்தியர்களின் தலைவராக இருந்தவர். ஒற்றர் என்று குற்றம் சாட்டிச் சித்திரவதை செய்தார்கள். கொடி ஏறிய இரண்டு வாரத்தில், 1944 ஜனவரி 14-ந் தேதி, அவர் இறந்தார். ஜனவரி 30-ந் தேதி ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 இந்தியர்களை நிறுத்திச் சுட்டார்கள். அவர்கள் மேலும் ஒற்றர் குற்றச்சாட்டுதான். இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள்.

பிப்ரவரி மாதம் லோகநாதன் அந்தமானில் வந்து இறங்கினார். ஆஸாத் ஹிந்த் அரசின் சீப் கமிஷனர் என்பது அவருடைய பதவி.

போலீஸ் இல்லாத பதவி

கூட வந்தவர்கள் மேஜர் ஆல்வி முதலிய சிலரே. படை இல்லை, பணம் இல்லை, கப்பல் இல்லை. தீவில் அதிகாரம் ஜப்பானியக் கடற்படையிடம் இருந்தது. ஒப்படைப்பு என்பது விழாவோடு சரி; போர் முடிந்த பின்தான் முழுதாக ஒப்படைக்க முடியும் என்று அவர்கள் சொன்னார்கள். இப்போதைக்குச் சில துறைகளைத் தருகிறோம் என்றார்கள். அந்தச் சிலவற்றில் போலீஸ் இல்லை.

லோகநாதன் கேட்டதே போலீஸைத்தான். காரணம் வெளிப்படை. இரவில் கதவைத் தட்டி ஆளை இழுத்துப் போவது போலீஸ். சிறையில் அடித்து வாக்குமூலம் வாங்குவதும் போலீஸ். அது ஒருவர் கையில் இருக்க, ரோடும் கணக்குப் புத்தகமும் இன்னொருவர் கையில் இருந்தால், அடிபடுகிறவனுக்கு என்ன பயன்? நடக்கிற கொடுமைக்கு இந்தியர் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். ஒற்றர் வழக்குகள் நடந்துகொண்டிருப்பதால் போலீஸைத் தர முடியாது என்று ஜப்பானியர் மறுத்தார்கள். போலீஸ் இல்லாமல் மற்றத் துறைகளும் வேண்டாம் என்று லோகநாதன் மறுத்தார். கல்வித் துறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். மேஜையில் பெயர்ப்பலகை இருக்கும். பீரோ சாவி வேறொருவரிடம் இருக்கும். வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து மனுக் கொடுப்பார்கள். ஒன்றும் நடக்காதபோது பழியும் பெயர்ப்பலகைக்குத்தான் வரும். தீவு மக்களில் பலர் லோகநாதனிடம் அப்படித்தான் நம்பிக்கையோடு வந்தார்கள். காணாமல் போன தகப்பனுக்காகவும் அண்ணன் தம்பிகளுக்காகவும் அவர் கடற்படை அதிகாரிகளிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது. பேசலாம், உத்தரவு போட முடியாது.

நடந்ததை நேதாஜிக்கு எழுதலாமே என்று கேட்கத் தோன்றும். தீவிலிருந்து வெளியே போகும் எந்தச் செய்தியும் ஜப்பானியக் கடற்படையின் கை வழியாகத்தான் போக வேண்டும். கப்பலும் அவர்களுடையது, கம்பியில்லாத் தந்தியும் அவர்களுடையது. ஓர் அரசின் சீப் கமிஷனர், தன் தலைவருக்குப் பிறர் படிக்காத ஒரு கடிதம் அனுப்ப வழியில்லாமல் இருந்தார். பெர்லினில் அச்சான தலைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தாலும் அவற்றை ஒட்டி என்ன அனுப்பியிருக்க முடியும்?

இதனிடையே நேச நாட்டுக் கப்பல்கள் கடலை மறித்தன. அரிசி வரத்துக் குறைந்தது. மக்கள் கிழங்கு பயிரிட்டு வயிறு கழுவினார்கள். லோகநாதன் பள்ளிக்கூடங்களைக் கவனித்துக்கொண்டு சில மாதம் இருந்தார். 1944 பிற்பகுதியில், ஆல்வியிடம் பொறுப்பை விட்டுவிட்டுத் தீவை விட்டுப் புறப்பட்டார்.

அவர் போன பிறகும் கொடுமை ஓயவில்லை. 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், உணவு போதாது என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஹாவ்லாக் தீவுப் பக்கம் கடலில் தள்ளினார்கள். கரை சேர்ந்தவர்களும் பட்டினியில் மடிந்தார்கள்.

ரங்கூனில் ஒரு வாரம்

லோகநாதனின் வாழ்வில் உண்மையான அதிகாரம் ஒரே ஒருமுறை அவர் கைக்கு வந்தது. அது ரங்கூனில்.

1945 ஏப்ரல் 24-ந் தேதி நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ஜப்பானியரும் நகரத்தைக் காலி செய்தார்கள். பிரிட்டிஷ் படை இன்னும் வந்து சேரவில்லை. மேஜர் ஜெனரல் லோகநாதனிடம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய தேசிய ராணுவ வீரர்களை விட்டுச் சென்றார் நேதாஜி. சண்டை போடுவதற்காக அல்ல. நகரத்தில் இருந்த இந்தியர்களைக் காப்பதற்காக.

1942-ல் ரங்கூன் விழுந்தபோது என்ன நடந்தது என்பது நம் ஊர்களில் பலருக்குத் தெரியும். பிரிட்டிஷார் விட்டுப்போன நகரத்தில் கொள்ளையும் கொலையும் நடந்தன. துறைமுகக் கூலிகளும் கடை வைத்திருந்தவர்களும் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகளும் காட்டு வழியே கால்நடையாக இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மூன்று வருஷம் கழித்து அதே நகரம் மறுபடியும் ஆளில்லாமல் கிடந்தது.

இந்த முறை அப்படி நடக்கவில்லை. லோகநாதனின் வீரர்கள் தெருக்களில் காவல் நின்றார்கள். மே 3-ந் தேதி பிரிட்டிஷ் படை நகருக்குள் வந்தபோது நகரம் அமைதியாக இருந்தது. அதன் பிறகு லோகநாதனும் வீரர்களும் ஆயுதங்களை ஒப்படைத்துக் கைதிகளானார்கள். அந்தமானில் தராத போலீஸ் வேலையைத்தான் ரங்கூனில் அவர் செய்து காட்டினார்.

செங்கோட்டைச் சாட்சி

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் புகழ்பெற்ற விசாரணை தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மேலும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்று வழக்கு. அவர்களுக்காக வாதாடியவர் பூலாபாய் தேசாய்.

ஆஸாத் ஹிந்த் ஓர் உண்மையான அரசு, அதை ஒன்பது நாடுகள் ஏற்றன, அதற்குப் படையும் பணமும் மண்ணும் இருந்தன, அதன் வீரர்கள் ராஜத் துரோகிகள் ஆகமாட்டார்கள் என்பது அவர் வாதம். அந்த மண் எது? அந்தமான் நிக்கோபார்தான் முதன்மையானது. அதற்குச் சாட்சி யார்? அங்கே சீப் கமிஷனராக இருந்த லோகநாதன்தான்.

சாட்சிக் கூண்டில் ஏறும்போது அவரும் கைதாகி வந்தவர். எதிரே உயிர் ஊசலாடும் தோழர்கள். தீவு முழுவதும் எங்கள் கையில் இருந்தது, நாங்களே ஆண்டோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அது வழக்குக்கு உதவியிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒப்படைப்பு விழா நடந்தது. முழு ஒப்படைப்புப் போருக்குப் பின் என்று சொல்லப்பட்டது. போலீஸைத் தராததால் மற்றத் துறைகளை ஏற்கவில்லை. கல்வி மட்டும் தன்னிடம் இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கொடுத்ததையும் சொன்னார், கொடுக்காததையும் சொன்னார்.

இதனால் வழக்குக் கெட்டுவிட்டதா? இல்லை. நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் என்றது. ஆயுள் முழுதும் தீவாந்தர தண்டனை விதித்தது. தீவாந்தரம் என்றால் ஒரு காலத்தில் அந்தமான்தான்! ஆனால் நாடே கொதித்து நின்றது. 1946 ஜனவரி 3-ந் தேதி பிரதம தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை நீக்கினார். மூவரும் வெளியே வந்தார்கள். மண் எவ்வளவு இருந்தது என்ற கணக்கைப் பார்த்து மக்கள் தீர்ப்புச் சொல்லவில்லை.

லோகநாதனும் பின்னர் விடுதலையானார். 1949-ல் காலமானார்.

கடைசியில் ஒட்டிய தலை

அந்தமானை 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் மீண்டும் பிடித்தார்கள். ஜார்ஜ் மன்னரின் தலைகள் புள்ளியில்லாமல் திரும்பி வந்தன. பின்னர் அவையும் ஓய்ந்தன. 1947 நவம்பர் 21-ந் தேதி சுதந்திர இந்தியா தன் மூவர்ணக் கொடி போட்ட மூன்றரை அணாத் தலையை வெளியிட்டது. அதில் நாகரி எழுத்தில் ஜெய் ஹிந்த் என்று அச்சிட்டிருந்தது. அது நேதாஜியின் படை சொன்ன வணக்கம். பெர்லின் தலைகள் ஒட்டப்படாமலே நின்றுபோயின; அந்தப் படையின் வணக்கமோ கடிதம் கடிதமாக ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. அப்போது லோகநாதன் உயிரோடு இருந்தார்.

1964-ல் நேதாஜிக்கும், 1968-ல் ஆஸாத் ஹிந்த் அரசின் வெள்ளி விழாவுக்கும் தபால்தலைகள் வந்தன. கொடி ஏறிய எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், 2018 டிசம்பர் 30-ந் தேதி, போர்ட் பிளேரிலேயே ஒரு நினைவுத் தலை வெளியானது. அன்று ஹாவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும் நீல் தீவு ஷஹீத் தீவாகவும் பெயர் மாறின. 2024-ல் போர்ட் பிளேர் நகரமே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.

அந்தமான் பக்கத்தை ஆல்பத்தில் அடுக்குகிறவர்கள் புள்ளி அடித்த ராஜா தலையை முதலில் வைப்பார்கள். அடுத்து பெர்லின் தலை. கடைசியில் ஜெய் ஹிந்த். முதலாவது, தீவைப் பிடித்தவர் யார் என்று சொல்கிறது. இரண்டாவது, விடுதலைக்கு ஆசைப்பட்டவர் யார் என்று சொல்கிறது. மூன்றாவது, தீவு கடைசியில் யாருக்குச் சேர்ந்தது என்று சொல்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு தமிழ் டாக்டர் சில மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் கையில் இல்லாத அதிகாரத்தை இருப்பதாக அவர் ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் அவர் பெயரையும் ஓரத்தில் எழுதி வைக்கலாம்.